லெவல் பாத்தாச்சு

ஒருவர் எப்படி வண்டி ஓட்டுவார் என்று தெரிந்துகொள்ள அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. டயரைப் பார்த்தால் போதும். ஓரம் தேய்ந்திருந்தால் வளைவில் அவசரப்படுகிறவர். நடு தேய்ந்திருந்தால் காற்றை நிறைய அடித்துவிட்டு மறந்துபோகிறவர். எதுவுமே தேயாமல் நின்ற இடத்திலேயே ரப்பர் வெடித்துப் போயிருந்தால், அது நாலு பேர் பார்ப்பதற்கென்று வாங்கிய வண்டி. காரைக்குடிப் பக்கம் அந்தக் கடைசி வகைதான் அதிகம்.

ஏகப்பன் சாரின் வண்டியில் நான்கு டயரும் ஓரத்தில் தேய்ந்திருக்கும்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறீர்கள் மேடம். எழுதுகிறேன். போன மாசி மாதம் உங்கள் ஊர் ரேஸ் டிராக்கில் கொத்தமங்கலம் ஏகப்பன் என்பவர் ஓட்டிய கார் சுவரில் மோதி அவர் இறந்தார். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள். மூடியதைத் திறக்கச் சொல்லி நானாகவே பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருப்பது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டீர்கள். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

என் பெயர் சத்தியப்பிரியா. வயது இருபத்தாறு. பி.இ. ஆட்டோமொபைல். காளையார்கோவிலுக்கு இந்தப் பக்கம் செம்பனேந்தல் எங்கள் ஊர். கல்லூரி விண்ணப்பங்களில் 'முதல் தலைமுறைப் பட்டதாரியா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்து அடித்தே படித்து வந்தவள் நான். சென்னையில் பெரிய கார் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அப்பா இறந்த பிறகு அம்மா பொன்னுத்தாயியும் தங்கை ரோகிணியும் தனியாக இருந்ததால் ஊருக்குத் திரும்பினேன். காரைக்குடி பைபாஸில் மாயக்கண்ணன் அண்ணன் பட்டறையில் சேர்ந்தேன். லேப்டாப்பை மாட்டி வெளிநாட்டு வண்டிகளின் கோளாறைப் படிக்கத் தெரிந்தது அங்கே எனக்கு மட்டும்தான். சேர்ந்த புதிதில், பொம்பளைப் புள்ள காருக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வண்டி கொண்டுவந்தார்கள். அதனால் பட்டறைக்கு நல்ல வேலை வந்தது.

ஏகப்பன் சாருக்குக் கொத்தமங்கலத்தில் பெரிய வீடு. அதை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற விடுதியாக மாற்றி, அவரும் அவர் மனைவி நீலாயதாட்சியும் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவரிடம் இருந்தது சிவப்பு நிற ஜெர்மன் கார். இரண்டே சீட், நானூற்று ஐம்பது குதிரைசக்தி. கொத்தமங்கலம் தெருவில் அதை இரண்டாவது கியருக்கு மேல் போட முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் காளையார்கோவில் ரோட்டுக்கு வருவார்.

இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் அதை ரேஸ் டிராக்கில்தான் ஓட்ட வேண்டுமா என்று எங்கள் பட்டறையில் டீ நேரத்தில் அடிக்கடி பேச்சு வரும். ஒரு நாள் அவரும் இருந்தார்.

"டிராக்குல நாலு தடவ ஓட்டுனா வண்டி கெழவியாயிரும் சார்," என்றார் எங்கள் மூத்த மெக்கானிக் முத்தரசு அண்ணன். "டயரு, டிஸ்க்கு, கிளட்ச்சு, எல்லாம் போயிரும். ஆசைக்கு வாங்குனத அழகா வச்சுக்கங்க."

"தேரக் கொண்டுபோயி மாட்டுவண்டிப் பந்தயத்துல விட்ட மாதிரில்ல இருக்கும்," என்றார் மாயக்கண்ணன் அண்ணன்.

"மாட்டுவண்டிப் பந்தயத்துக்கே ரோட்ட மறிச்சு, தண்டோராப் போட்டு, ஆளுகள ஓரமா நிறுத்திட்டுத்தான் விடுறாகண்ணே," என்றேன் நான். "சார் ரோட்ட மறிச்சா ஓட்டுறாக? நூத்தம்பதுல போகணும்னா அதுக்குன்னு எடம் இருக்கு. அங்க போகணும். போக மாட்டேன்னா ஒரு மாருதியப் பாத்து வாங்கியிருக்கணும்."

ஏகப்பன் சார் சிரித்தார். "ஒனக்கு வாயில பிரேக்கே கெடையாதா சத்தியா?"

"உங்க வண்டியில இருக்குல்ல சார். அது போதும்."

எல்லோரும் சிரித்தோம். நான் சொன்னது சரி. இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தை மாற்றமாட்டேன்.

அவர் இறந்த மாசிக்கு முந்தைய ஆனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்த ரோகிணியை அந்த வண்டி அடித்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது. பி.காம். இரண்டாம் ஆண்டு. காளையார்கோவிலில் தோழி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். என்னை அவள் பெயர் சொல்லியோ அக்கா என்றோ கூப்பிட்டதில்லை. "மெக்கானிக்கு" என்பாள். "மெக்கானிக்கு, ஒன் சட்டையத் தனியா ஊறப்போடு, என் சுடிதாரெல்லாம் டீசல் நாத்தம் அடிக்குது" என்பாள். எங்கள் வீட்டில் இரண்டாவது பட்டதாரியாக வேண்டியவள். படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க முடியவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. அக்கா முந்திக்கொண்டாள் என்பாள்.

ஏகப்பன் சார் ஓடிப்போய்விடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். அவரே அவளைத் தூக்கி அந்த வண்டியிலேயே வைத்துக்கொண்டு சிவகங்கை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலுக்குப் போகும்போது உயிர் இல்லை.

எஃப்.ஐ.ஆரில் வேகம் அறுபது என்று இருந்தது. பெண் திடீரென்று குறுக்கே வந்ததாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். அம்மா அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "போட்டுட்டுப் போகாமத் தூக்கிட்டு ஓடுனீகளே, அதுவே போதும்யா" என்றாள். எனக்கு அந்தச் சொம்பைப் பிடுங்கி வெளியே எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"நூத்தி அறுபது," என்றார்.

"என்ன சார்?"

"அன்னைக்கு நூத்தி அறுபதுல வந்தேன். வக்கீல் அறுபதுன்னு சொல்லச் சொன்னாக. சொல்லிட்டேன். உங்ககிட்டப் பொய் சொல்ல முடியல."

அதுவரை என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவார். அன்றிலிருந்து நீங்கள் ஆகிவிட்டேன். ஒரு தங்கையைக் கொடுத்து நான் வாங்கிய மரியாதை அது.

"அந்த வண்டி இனிமே ரோட்டுல ஏறாது. வித்துர்றேன்," என்றார்.

"விக்காதீக சார். வாங்குறவன் திரும்ப இதே ரோட்டுலதான் ஓட்டுவான். டிராக்குக்குக் கொண்டுபோங்க. அது அதுக்குன்னு செஞ்ச வண்டி."

இதை நான் உண்மையாகத்தான் சொன்னேன். அன்று என் மனதில் வேறு எதுவும் இல்லை. நீங்கள் இதற்கு அடியில் கோடு போடுவீர்கள் என்று தெரியும். போட்டுக்கொள்ளலாம்.

அவர் சொன்னபடி செய்தார். ஸ்டேஷன் வாசலில் இரண்டு மாதம் மழையில் நின்ற வண்டியை மீட்டு, மதுரையில் பானட்டும் விளக்கும் மாற்றி, தை மாதம் எங்கள் பட்டறைக்கு அனுப்பினார். லாரியில் ஏற்றி அனுப்பினார். பத்துக் கிலோமீட்டர்கூட ரோட்டில் ஓட்டவில்லை. மாசியில் உங்கள் ஊர் டிராக்கில் சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு வந்தார்.

"சத்தியா, நீங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான் கொண்டுபோவேன். இல்லைன்னா இல்ல."

மாயக்கண்ணன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேணாந்த்தா. அந்த வண்டிய நீ தொட வேணாம். முத்தரசு பாத்துக்கிருவான்."

"வேலை வேலைதாண்ணே," என்றேன்.

ஐந்து நாள் அந்த வண்டியைப் பார்த்தேன். அவ்வளவு கவனமாக நான் எந்த வண்டியையும் பார்த்ததில்லை. நான்கு டயரும் புதிது. பிரேக் பேடுகள் புதிது, டிராக்குக்கென்றே தனியாக வருவது. வீல் நட்டுகளை முறுக்கி, வண்டியை இறக்கி, மறுபடியும் ஒரு தடவை முறுக்கினேன். இடது பக்க விளக்குக்குப் பின்னால், மதுரைக்காரர்கள் கை விடாத ஒரு இடுக்கில், ஒரு பச்சை நூல் சிக்கியிருந்தது. அது ரோகிணியின் துப்பட்டா என்று சொல்ல முடியாது. பச்சை நூல் எந்தத் துணியிலும் இருக்கும். எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

அதற்கு அடுத்ததாகத்தான் பிரேக் ஆயிலைப் பார்த்தேன்.

பிரேக் ஆயிலுக்கு வயது உண்டு மேடம். மூடி போட்டே வைத்திருந்தாலும் காற்றில் இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். அதனால் அளவு குறையாது. நிறம்தான் தேனிலிருந்து கருப்பட்டிப் பாகுக்கு மாறும். ரோட்டில் ஓட்டுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, வருடக்கணக்கில் ஓட்டலாம். டிராக்கில் அப்படி இல்லை. இருநூறில் வந்து எழுபதுக்கு மிதிக்க வேண்டும், அதுவும் ஒரு ரவுண்டுக்கு ஏழெட்டுத் தடவை. அந்தச் சூட்டில் ஆயிலுக்குள் இருக்கிற தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். ஆவி அமுங்கும். பெடல் தரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டி நிற்காது.

ஈரத்தைச் சோதிக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது, பேனா மாதிரி. ஆயிலில் முக்கினால் பச்சை எரியும், மஞ்சள் எரியும், சிவப்பு எரியும். சிவப்பு எரிந்தது. நான்கு வருடப் பழைய ஆயில். துடைத்து, பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு பழக்கம். 'லெவல் பாத்தாச்சு' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. இன்ஜின் ஆயிலோ, ரேடியேட்டர் தண்ணீரோ, பிரேக் ஆயிலோ, இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்கமாட்டோம். சென்னையிலிருந்து வந்த புதிதில் இதற்காக முத்தரசு அண்ணனோடு சண்டையே போட்டிருக்கிறேன். அவர், "நீ படிச்ச புள்ள, தேதி பாக்குற. நாங்க லெவல் பாக்குறோம். வண்டி ரெண்டு பேருக்கும் ஓடுதுல்ல" என்பார்.

அன்று சாயங்காலம் அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார். "பிரேக் ஆயிலு?"

"லெவல் பாத்தாச்சுண்ணே."

"அப்பச் சரி."

டிராக்குக்காரர்கள் அனுப்பியிருந்த தாளிலும் கேள்வி அதேதான். 'பிரேக் ஆயில் லெவல்: சரி / சரியில்லை.' லெவல் சரியாகத்தான் இருந்தது. 'சரி'யில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. நான் எதையும் அறுக்கவில்லை, எதையும் கழற்றவில்லை. எதையும் செய்யவில்லை என்பதுதான் சரியான வார்த்தை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விவரம் உங்கள் கோப்பில் இருக்காது. புது பிரேக் ஆயில் பாட்டில் ஒன்றை அவரே மதுரையிலிருந்து வாங்கிவந்து என் கையில் கொடுத்திருந்தார். எங்கேயோ படித்துவிட்டு, "டிராக்குக்குப் போறப்ப இத மாத்தணுமாம்ல" என்றார். "வச்சுட்டுப் போங்க சார்" என்றேன். அந்த பாட்டில் எங்கள் வீட்டு பீரோவில், ரோகிணியின் மார்க் ஷீட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சீல் உடைக்கவில்லை. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா இருப்பாள், அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

வண்டி முதல் நாளே லாரியில் போய்விட்டது. ஏகப்பன் சாரும் நீலாயதாட்சியும் நானும் மறுநாள் விடிந்ததும் அவர்கள் வீட்டு இன்னோவாவில் கிளம்பினோம். சார்தான் ஓட்டினார். காரைக்குடியிலிருந்து இங்கே வந்து சேரும்வரை அறுபதுக்கு மேல் முள் ஏறவில்லை. லாரிகளெல்லாம் ஆரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின.

"டிராக்டரு போவுது பாருங்க, அதையாவது முந்துங்க," என்றார் நீலாயதாட்சி. "நாம போய்ச் சேரயில டிராக்க மூடிருவாக."

அவர் சிரித்தார். வக்கீல் சொல்லிக் கொடுத்த அந்த அறுபது இதுதான். எட்டு மாதம் கழித்து வந்தது.

நீலாயதாட்சி பின்சீட்டில் என்னோடு உட்கார்ந்திருந்தார். டப்பாவைத் திறந்து மாவுருண்டை கொடுத்தார். "என்னைய ஆச்சின்னு கூப்பிடாத சத்தியா, எனக்கு முப்பதுதான் ஆகுது" என்றார். பேச்சு எங்கெங்கோ போய் அவர்கள் கோயிலுக்கு வந்தது. "எங்களுக்கு இளையாத்தங்குடிக் கோயில். கல்யாணம் ஆனாத்தான் அங்க வரிக் கணக்குல எங்களுக்குப் புள்ளின்னு பேரு. அதுவும் ரெண்டு பேரும் சேந்து ஒரு புள்ளி. கல்யாணத்துக்கு முந்தி இவுக யாருமே இல்ல, நான் வந்துதான் ஆளாக்கிவிட்டேன்."

"ஆமா, அதான் சொன்ன பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார் அவர் முன்னாலிருந்து.

நான் மாவுருண்டையை வாயில் போட்டுக்கொண்டேன். இனிப்பு அளவாக இருந்தது.

டிராக் மிக நன்றாக இருந்தது மேடம். அதைப் பதிவு செய்ய வேண்டும். ஆடு இல்லை, விலக்கு இல்லை, பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஆள் நின்றார். ஆம்புலன்ஸ் இன்ஜினை அணைக்காமல் நின்றது. ஒரு தடவைக்கு இருபது நிமிடம் விடுவார்கள், பிறகு வெளியே வந்து ஆறவிட வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து வந்தபோது ஏகப்பன் சார் சிரித்துக்கொண்டே வந்தார். ரோகிணி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது ஓட்டத்தில், ஐந்தாவது ரவுண்டு, நீண்ட நேர்க்கோட்டின் முடிவில் வண்டி வளைவை எடுக்கவில்லை. பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. மிதித்து மிதித்துப் பார்த்திருக்கிறார். டயர் அடுக்கைத் தாண்டிச் சுவரில் மோதியது.

நீலாயதாட்சி ஓடினார். நான் நடந்து போனேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள், விசாரித்தீர்கள். தாளைப் பார்த்தீர்கள். லெவல் சரி. மோதியதில் தீப்பிடித்து ஆயில் டியூப் எரிந்து போயிருந்ததால் சோதிக்க எதுவும் மிச்சமில்லை. பழக்கமில்லாதவர், வேகம் அதிகம் என்று எழுதினீர்கள். அவரைப் பற்றி வேகம் அதிகம் என்று அரசாங்கத் தாளில் ஒருவழியாக எழுதினார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

கொத்தமங்கலத்துக்குத் துக்கம் கேட்கப் போனேன். நீலாயதாட்சி பெரிய வீட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் ஒவ்வொரு நட்டா முறுக்குனியே சத்தியா. நான் பாத்தேனே" என்றார். பக்கத்தில் இரண்டு பேர் தணிந்த குரலில் கோயில் விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். கணவன் போனால் மனைவி அரைப்புள்ளியாம். அப்படி ஒரு கணக்கு இருப்பது எனக்குத் தெரியாது. நான் நினைத்தது ஒரு ஆளை மட்டும்தான். பாதி ஆளாக ஒருவர் மிச்சமிருப்பார் என்று நினைக்கவில்லை.

நான் வந்தது அதற்காக இல்லை. குற்ற உணர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு. ஏகப்பன் சார் இறந்த பிறகு அவர்கள் கூடிப் பேசி, டிராக் ஆபத்து, நம் வண்டியை நமக்குப் பழகிய ரோட்டில் ஓட்டுவதுதான் நல்லது என்று முடிவு செய்துவிட்டார்கள். முத்தரசு அண்ணன்கூட, "ஒன் பேச்சக் கேட்டுத்தானே அந்த மனுசன் அங்க போனாரு" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா விலக்கில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். ஒரு மஞ்சள் கார் அவள் சேலைத் தலைப்பு பறக்கிற மாதிரி போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து, வேறு ஏதோ ஊரில் நடந்ததைச் சொல்வது போல அதைச் சொன்னாள்.

எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் பேச்சில் தப்பில்லை. டிராக்கில் தப்பில்லை. அந்த பாட்டிலில் இருந்த புது ஆயிலை ஊற்றியிருந்தால் அவர் இருநூறு ரவுண்டு போயிருப்பார். டிராக் யாரையும் கொல்லவில்லை, நான் கொன்றேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் திரும்ப அங்கே போவார்கள். ரோடு காலியாகும். அதற்காகத்தான் வந்தேன்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவது ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு பத்து நிமிடத்தை விட்டுவிட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டு வந்தது உண்மை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் சொன்னது வேறு.

"பெடல் கொஞ்சம் பஞ்சு மாதிரி அமுங்குது சத்தியா. கடைசி ரெண்டு ரவுண்டுல ரெண்டு தடவ மிதிச்சாத்தான் பிடிக்குது."

"சூடு சார். பத்து நிமிசம் ஆறட்டும். சரியாயிரும்."

அதுவும் உண்மைதான். ஆறினால் ஆவி திரும்பத் தண்ணீராகிவிடும். பெடல் கல் மாதிரி நிற்கும், அடுத்த சூடு ஏறும்வரை.

நீலாயதாட்சி டீ வாங்கப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் நிழலில் இருந்த ஒரு கட்டையில் உட்கார்ந்தோம். அவர் கையுறையைக் கழற்றி முழங்கால் மேல் வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

"உங்க வீட்டுக்கு வந்தன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல," என்றார். "அந்தப் புள்ளய வண்டியில வச்சுக்கிட்டுப் போறப்ப அதுக்கு நெனப்பு இருந்துச்சு."

கையுறையை நீவுவதை நிறுத்தினார்.

"நான் பேயாப் பறந்துக்கிட்டு இருக்கேன். ஆரன் மேல வச்ச கைய எடுக்கல. அது என் சட்டைக் கையப் பிடிச்சு இழுத்துச்சு. 'அண்ணே, மெதுவாப் போங்கண்ணே, யாராச்சும் குறுக்க வந்துரப் போறாக'ன்னுச்சு. அம்புட்டுத்தான். அப்புறம் பேசல."

பிறகு அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து, நின்றபடியே பெடலைக் காலால் அமுக்கிப் பார்த்தார். உறுதியாக நின்றது. திரும்பி வந்தார்.

"பெடல் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு. இன்னைக்கு இத்தோட நிறுத்திக்கிருவமா? நீங்க சொல்றதுதான்."

யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். ஒரு வண்டி எங்களைக் கடந்து போகிற நேரம்.

"இந்த வண்டிய இங்க ஓட்டாம வேற எங்க ஓட்டப் போறீக," என்றேன். "போங்கண்ணே."

அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். என் வார்த்தையை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான், நானே போய் அவர் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

ரோகிணிக்காகத்தான் சொன்னேன்.